ஜெனரேட்டர் வாங்கியாச்சு, நியூட்ரலை எங்க கட்டுனீங்க?

வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்கறவங்க கடையில கேக்கறது பெரும்பாலும் மூணு கேள்விதான். எத்தனை கேவிஏ, ஒரு லிட்டர் போட்டா எவ்வளவு நேரம் ஓடும், சத்தம் எப்படி இருக்கும். நியூட்ரலை (கரண்ட் திரும்பிப் போற கம்பி) எங்க கட்டணும், பாடி எர்த் (மிஷினோட இரும்பு உடம்புல இருந்து மண்ணுக்குப் போற கம்பி) எங்க போய்ச் சேரணும், வீட்டு டிபி பாக்ஸ்ல (கரண்ட் பிரிஞ்சு போற பெட்டி) இருக்கற ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) இந்த மிஷின் ஓடும்போதும் வேலை செய்யுமான்னு யாரும் கேக்கறதில்ல, விக்கறவங்களும் சொல்றதில்ல. ஆனா வீட்ல இருக்கற ஆளுங்க உயிர் இந்தக் கேள்விங்கள்லதான் இருக்கு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

சேலம் டவுனுக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்வெர்ட்டரே பெரும்பாலும் போதும், மாசாந்திர பராமரிப்புன்னு காலையில போற கரண்ட் சாயங்காலத்துக்குள்ள வந்துடும். மலை மேல கதை வேற. ஏற்காட்டுல காபித் தோட்டம் பூரா நிழலுக்கு சில்வர் ஓக் மரம் நிக்குது, அதுக்கு நடுவுலதான் ஈபி கம்பி போகுது, காத்தும் மழையும் சேர்ந்து அடிச்சா ஒரு கிளை விழுந்தா போதும், எந்தத் தோட்டத்துக்குள்ள எந்தக் கம்பத்துல கம்பி அறுந்திருக்குன்னு தேடிக் கண்டுபிடிக்கவே பாதி நாள் ஓடிடும். அதனாலதான் எஸ்டேட் பங்களா, ஹோம்ஸ்டே, வயசானவங்க தனியா இருக்கற வீடுன்னு எங்க பார்த்தாலும் 2, 3 கேவிஏ பெட்ரோல் செட்டோ, வசதி இருந்தா 5, 10 கேவிஏ டீசல் செட்டோ ஒண்ணு நிக்குது. வாங்கறதுல தப்பே இல்ல. அதை வீட்டோட இணைக்கற விதத்துலதான் ஆபத்து இருக்கு.

முதல்ல ரொம்ப மோசமானதைச் சொல்லிடறேன். ஒரு வயரோட ரெண்டு முனையிலயும் பிளக் மாட்டி, ஒரு முனையை ஜெனரேட்டர் சாக்கெட்லயும் இன்னொரு முனையை வீட்டு சுவர்ல இருக்கற 16 ஆம்ப் சாக்கெட்லயும் சொருகி, மொத்த வீட்டுக்கும் கரண்ட் குடுக்கறது. செலவே இல்ல, அஞ்சு நிமிஷ வேலை, அதனால இன்னும் நிறைய வீட்ல இது நடக்குது. ஒரு பக்கம் ஜெனரேட்டர்ல சொருகியிருக்கும்போது இன்னொரு பக்கம் கழண்டு கையில வந்தா அந்தப் பித்தளைப் பின்னுல 230 வோல்ட் நிக்கும், குழந்தைங்க இருக்கற வீடுன்னா நினைச்சாலே பதறுது. அதை விடப் பெரிய ஆபத்து வீட்டுக்கு வெளியில இருக்கு.

மெயின் ஸ்விட்ச் ஆன்ல இருந்துச்சுன்னா ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியா அப்படியே கம்பத்துக்குப் போயிடும். அங்க டிரான்ஸ்பார்மர் இருக்கே, அது ஒரு திசையில மட்டும் வேலை செய்யற பொருள் இல்ல. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டா குறைக்கற அதே டிரான்ஸ்பார்மருக்கு கீழ்ப்பக்கம் ஒரு பேஸுக்கும் (கரண்ட் வர்ற கம்பி) நியூட்ரலுக்கும் நடுவுல 230 குடுத்தா, மேல்பக்கத்துல கிட்டத்தட்ட 10,000 வோல்ட்டா ஏத்திக் குடுத்துடும். ஏபி ஸ்விட்ச்சை (கம்பத்து மேல லைனைப் பிரிக்கற ஸ்விட்ச்) திறந்துட்டு, லைன் செத்துப் போச்சுன்னு நம்பி ஏறுன லைன்மேன் தொடறது அந்த 10,000 வோல்ட்டை. எர்த் ராடு போட்டுட்டுத்தான் ஏறணும்னு விதி இருக்கு, ஆனா ராத்திரி, மழை, சரிவுல ஒரு கம்பம், நாலு வீட்டுக்காரங்க போன் மேல போன் போட்டுக்கிட்டு இருக்காங்க, அந்த நேரத்துல ஒரு மனுஷனோட கவனத்தை மட்டும் நம்பி நாம கரண்டை அனுப்பிக்கிட்டு இருக்கக் கூடாது.

இதுக்கு சிலபேர் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, சின்ன செட்டுங்க, தெரு லோடையெல்லாம் தாங்காது, உடனே நின்னுடும்னு. முழுத் தெருவும் சேர்ந்திருந்தா அது சரிதான், 3 கேவிஏ செட்டு மூச்சு வாங்கி நின்னுடும். ஆனா மலை மேல ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒரு எஸ்டேட்டும் தொழிலாளிங்க இருக்கற நாலு லைன் வீடும்தான் இருக்கற இடமெல்லாம் உண்டு, உங்க கம்பத்துக்கு அடுத்த ஸ்பான்லயே (ரெண்டு கம்பத்துக்கு நடுவுல இருக்கற தூரம்) கம்பி அறுந்து கிடந்தா அந்தப் பக்கம் லோடே இருக்காது, செட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், அறுந்த கம்பி கீழ கிடக்கற இடத்துல மாடு மேய்க்கறவரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ நடந்து வருவாங்க. இன்னொண்ணு, திடீர்னு ஈபி திரும்பி வந்துச்சுன்னா ரெண்டு சப்ளையும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகாம மோதும், ஜெனரேட்டர் காயில் கருகறது அப்பதான்.

மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் சொருகுவேன்னு சொல்றவங்க நிஜமாவே பொறுப்பானவங்களா இருப்பாங்க. ஆனா நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு வீட்ல இருக்கறவங்க, தோட்டத்து வாட்ச்மேன், ஹோம்ஸ்டேக்கு வந்த விருந்தாளி யாராவது அதைச் செய்வாங்க இல்லையா. அதனால மனுஷன் மறந்தாலும் தப்பு நடக்காத மாதிரி அமைக்கணும், அதுக்குத்தான் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச். ஒரு கைப்பிடி, மேல தள்ளுனா ஈபி, கீழ தள்ளுனா ஜெனரேட்டர், நடுவுல ரெண்டுமே ஆஃப். ரெண்டும் ஒரே நேரத்துல சேரவே முடியாது, உள்ள இருக்கற இரும்பே விடாது. ரெண்டு எம்சிபியை (கரண்ட் அளவு மீறுனா தானா விழற ஸ்விட்ச்) பக்கத்துல பக்கத்துல வெச்சு, இதை ஆஃப் பண்ணிட்டு அதை ஆன் பண்ணுங்கன்னு சொல்லிட்டுப் போற வயர்மேன் உண்டு, அது சேஞ்ச்ஓவர் ஆகாது, நடுவுல இன்டர்லாக் (ஒண்ணு ஆன்ல இருந்தா இன்னொண்ணை ஆன் பண்ண விடாத பூட்டு) இல்லாதவரைக்கும் அது அந்த ரெண்டு பிளக் வயரோட அண்ணன் தம்பிதான்.

சேஞ்ச்ஓவர் வாங்கும்போது சிங்கிள் பேஸ் வீட்டுக்கு டபுள் போல், த்ரீ பேஸ் வீட்டுக்கு ஃபோர் போல், அதாவது பேஸோட நியூட்ரலும் சேர்ந்து மாறணும். பேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரலை பொதுவா விட்டா என்ன ஆகும்னு நிறைய பேருக்குத் தெரியல, அதை அப்புறம் சொல்றேன், அதுக்கு முன்னாடி எர்த்னா என்ன வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் அது புரியும்.

எர்த் குழி போட்டாச்சு, கம்பி இழுத்தாச்சு, இனிமே ஷாக் அடிக்காதுன்னு ஒரு நம்பிக்கை நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. கரண்ட் மண்ணுக்குள்ள போய் மறைஞ்சுடும்னு ஒரு கற்பனை. அப்படி எதுவும் மறையாது. கரண்ட் எங்க இருந்து கிளம்புச்சோ அங்கயே திரும்பிப் போய்ச் சேரணும், அதுக்கு வழி இருந்தாத்தான் ஓடும். ஈபி கரண்ட் எப்படின்னா, டிரான்ஸ்பார்மர்கிட்டயே நியூட்ரலை மண்ணுல இறக்கியிருப்பாங்க. உங்க வீட்டு கீசர்ல பேஸ் கம்பி பாடியைத் தொட்டுச்சுன்னா, கரண்ட் உங்க எர்த் கம்பி, எர்த் குழி, மண்ணு, டிரான்ஸ்பார்மரோட எர்த் குழி, அங்க இருக்கற நியூட்ரல்னு ஒரு சுத்து சுத்திப் போகும். அந்தச் சுத்துல நடுவுல இருக்கற மண்ணுதான் பிரச்சனை.

எர்த்திங்குக்குன்னு இருக்கற இந்தியத் தரவிதி ஐஎஸ் 3043 என்ன சொல்லுதுன்னா, ஜிஐ பைப் போட்டா உள்விட்டம் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீளம் ரெண்டரை மீட்டருக்குக் குறையக் கூடாது, கட்டடத்துல இருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்கணும். அந்த அளவுல ஒரு பைப்பை ஈரமான நல்ல மண்ணுல, மண்ணோட ரெசிஸ்டிவிட்டி (கரண்டைத் தடுக்கற குணம்) 100 ஓம் மீட்டர்னு வெச்சுக்கிட்டு கணக்குப் போட்டா, ஒரு குழியோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 35 ஓம் வருது. கரி உப்பு போட்டு தண்ணி ஊத்துனா நல்லாவே குறையும், ஆனாலும் கணக்குக்கு 35ன்னே வெச்சுக்கோங்க. 230ஐ 35ஆல வகுத்தா ஆறரை ஆம்ப் சொச்சம். 16 ஆம்ப் எம்சிபிக்கு ஆறரை ஆம்ப்னா சாதாரண லோடு, அது அசையவே அசையாது, கீசர் பாடியில வோல்டேஜ் நின்னுக்கிட்டே இருக்கும்.

இது நல்ல மண்ணு கணக்கு. ஏற்காடு இருக்கற சேர்வராயன் மலை அடியில சார்னோகைட் பாறை, மேல சில இடத்துல பாக்சைட் கலந்த செம்மண். ரெண்டு அடி தோண்டுனதும் கடப்பாரை டங்குன்னு நிக்கற இடத்துல ரெண்டரை மீட்டர் பைப்பை எப்படி இறக்கறது, பைப்பை அறுத்துட்டு ஒரு மீட்டரோட மூடிட்டுப் போயிடறாங்க. ரெசிஸ்டிவிட்டி 1,000 ஓம் மீட்டர் இருக்கற பாறை மண்ணுல முழு நீள பைப்புக்கே 350 ஓம் வரும், அறுத்த பைப்புக்கு இன்னும் ஜாஸ்தி. அப்ப ஓடற கரண்ட் ஒரு ஆம்ப் கூட இல்ல, முக்கால் ஆம்புக்கும் கம்மி. கீழ சேலத்துல மேக்னசைட் ஜங்ஷன் பக்கம், கோரிமேடு பக்கமெல்லாம் வெயில் காலத்துல தரை காய்ஞ்சு கல்லாட்டம் ஆயிடும்போதும் இதே நிலைமைதான், மழைக்காலத்துல நல்லா இருந்த குழி சித்திரையில சும்மா பேருக்கு இருக்கும்.

அப்ப மலை மேல இருக்கறவங்களுக்கு வழியே இல்லையான்னா, இருக்கு. 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. போற பேஸ்லயும் திரும்பற நியூட்ரல்லயும் ஒரே அளவு கரண்ட் ஓடுதான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் வேற வழியில கசிஞ்சா உடனே கட் பண்ணிடும். 350 ஓம் குழியில கூட 650 மில்லி ஆம்ப் ஓடுது இல்லையா, அது 30ஐ விட இருபது மடங்கு, கண் இமைக்கறதுக்குள்ள விழுந்துடும். ஈரக் கையோட ஒரு ஆளு நேரா பேஸைத் தொட்டா உடம்பு வழியா 200 மில்லி ஆம்புக்கு மேல ஓட வாய்ப்பிருக்கு, இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம், அதையும் இது பிடிக்கும். பாறை பூமியில எர்த் குழியை விட ஆர்சிசிபி முக்கியம்னு நான் அடிச்சுச் சொல்வேன், குழி வேண்டாம்னு அர்த்தமில்ல, ரெண்டும் சேர்ந்தாத்தான் பாதுகாப்பு.

இங்கதான் ஜெனரேட்டர் விஷயத்துல எல்லாரும் கோட்டை விடறது. சின்ன பெட்ரோல் செட்டுகள்ல நிறையவே நியூட்ரலை பாடியோட சேர்க்காமத்தான் வருது. ரெண்டு கம்பி வெளிய வருது, எதுவுமே மண்ணோடயோ பாடியோடயோ சேரல. டெஸ்டர் வெச்சுப் பார்த்தா ரெண்டு துளையிலயும் மங்கலா எரியும், எது பேஸ் எது நியூட்ரல்னே தெரியாது, அதுதான் அடையாளம். இப்ப வீட்டை சேஞ்ச்ஓவர்ல ஜெனரேட்டருக்கு மாத்திட்டீங்க, ஈபி நியூட்ரல் கழண்டுடுச்சு, கூடவே டிரான்ஸ்பார்மர்கிட்ட இருந்த அந்த மண்ணு இணைப்பும் போயிடுச்சு. கீசர்ல லீக் ஆனா கரண்ட் எர்த் குழி வரைக்கும் போய் அங்கயே நிக்கும், திரும்பிப் போக வழி கிடையாது. கசிவே ஓடலைன்னா ஆர்சிசிபிக்கு என்ன தெரியும், அது சும்மா இருக்கும்.

அப்படின்னா ஷாக்கும் அடிக்காதே, நல்லதுதானேன்னு கேக்கலாம். பாதி உண்மை. ஜெனரேட்டர்ல இருந்து ஒரே ஒரு வயர் இழுத்து ஒரே ஒரு டிரில்லிங் மிஷினோ பிரிட்ஜோ ஓட்டறீங்கன்னா எர்த்ல கட்டாம அப்படியே மிதக்க விடறதே பாதுகாப்பு, கம்பெனிக்காரங்க அதுக்காகத்தான் அப்படிக் குடுக்கறாங்க. ஆனா ஒரு முழு வீட்டை அதுல மாட்டும்போது கதை மாறுது. பழைய எஸ்டேட் பங்களாவுல மூணு தலைமுறை வயரிங் இருக்கும், ஓதம் பிடிச்ச சுவர், எலி கடிச்ச பைப், வெளிய மழையில நனையற கேட் லைட். இதுல எங்கயாவது ஒரு கம்பி ஏற்கனவே மண்ணைத் தொட்டுக்கிட்டுத்தான் இருக்கும். முதல் லீக் வரும்போது எதுவும் விழாது, யாருக்கும் தெரியாது, மாசக்கணக்கா அப்படியே ஓடும். ரெண்டாவது லீக் இன்னொரு கம்பியில வந்த அன்னைக்கு நடுவுல மாட்டறது ஒரு ஆளா இருக்கலாம்.

அதனால முழு வீட்டுக்கும் குடுக்கறதா இருந்தா ஜெனரேட்டரோட நியூட்ரலை ஒரே ஒரு இடத்துல எர்த்தோட சேர்க்கணும். சேஞ்ச்ஓவர் பாக்ஸ்ல ஜெனரேட்டர் பக்கத்து நியூட்ரல் டெர்மினல்ல இருந்து எர்த் பாருக்கு, மெயின் வயர் அளவுக்கே ஒரு காப்பர் வயர். ஜெனரேட்டர்லயே ஆர்சிசிபி வெச்சு வந்திருந்தா இந்த இணைப்பு அந்த ஆர்சிசிபிக்கு முன்னாடி, மிஷின் பக்கமே இருக்கணும், அப்ப சேஞ்ச்ஓவர்ல ரெண்டாவதா போடக் கூடாது. இன்வெர்ட்டர் டைப் சைலன்ட் செட்டு சிலதுல உள்ள சர்க்யூட்டே வேற மாதிரி, நியூட்ரலை எர்த்ல கட்டலாமா வேண்டாமான்னு மேனுவல்ல பார்த்துட்டுத்தான் தொடணும். இதெல்லாம் லைசென்ஸ் இருக்கற வயர்மேன் செய்யற வேலை, படிச்சுட்டு நீங்களே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துறாதீங்க, அவர் சரியா செஞ்சாரான்னு கேள்வி கேக்கற அளவுக்குத் தெரிஞ்சுக்கத்தான் இவ்வளவும் எழுதறேன்.

டபுள் போல் ஏன் வேணும்னு விட்டு வெச்சேன் இல்லையா, இதுதான் காரணம். நியூட்ரலைப் பொதுவா விட்டுட்டு ஜெனரேட்டர் நியூட்ரலை எர்த்ல கட்டுனா, ஈபி நியூட்ரலும் நிரந்தரமா உங்க வீட்டு எர்த்தோட சேர்ந்துடும். காத்துல கம்பத்து நியூட்ரல் அறுந்த அன்னைக்கு, அக்கம் பக்கத்து வீடுகளோட கரண்டெல்லாம் திரும்பிப் போக வழி தேடி உங்க எர்த் குழிக்கு வரும். பிரிட்ஜ் பாடி, மோட்டார் பைப், குளியல் ரூம் குழாய்னு எர்த்ல சேர்ந்த எல்லா இரும்புலயும் வோல்டேஜ் ஏறும், உங்க வீட்ல ஒரு தப்பும் நடக்காமலே. மரம் விழற மலையில நியூட்ரல் அறுந்து போறது அதிசயம் கிடையாது.

பாடி எர்த்துக்கு வர்றேன். ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்துல தனியா ஒரு ராடு அடிச்சு, மிஷின் பாடியை அதுல கட்டிட்டு, வீட்டு எர்த்தோட சேர்க்காம விட்டுடறது ரொம்ப சகஜம். தனித்தனியா இருந்தா சுத்தமா இருக்கும்னு நினைக்கறாங்க. ஆனா நியூட்ரலை மிஷின் பாடியிலயே சேர்த்திருக்கற செட்டுன்னா, அப்ப வீட்ல லீக் ஆனா கரண்ட் வீட்டுக் குழி வழியா மண்ணுக்குள்ள இறங்கி, ராடு வழியா மேல ஏறி மிஷினுக்குப் போகணும், 35ம் 35ம் சேர்ந்து 70 ஓம், மலையில 700. ஷெட்ல இருந்து வர்ற கேபிள்லயே ஒரு எர்த் கம்பியும் சேர்த்து இழுத்து, மிஷின் பாடி, ராடு, வீட்டு எர்த் பார் மூணையும் கம்பியாலயே சேர்த்துடணும், அப்ப மண்ணை நம்பாம காப்பர் வழியாவே கரண்ட் திரும்பும். பெரிய த்ரீ பேஸ் டீசல் செட்டுன்னா பாடிக்கு ரெண்டு, நியூட்ரலுக்கு ரெண்டுன்னு நாலு குழி போடறது வழக்கம், ஒண்ணு துரு பிடிச்சு அத்துப் போனாலும் இன்னொண்ணு இருக்கும்.

காப்பர் வழியாவே திரும்புது, இனிமே எம்சிபியே விழுந்துடும், ஆர்சிசிபி எதுக்குன்னு ஒரு நல்ல வயர்மேன் கேட்டார். ஈபியில மண்ணு நடுவுல இல்லாம கம்பி வழியாவே ஷார்ட் ஆனா அது நியாயமான கேள்வி, டிரான்ஸ்பார்மர் நூத்துக்கணக்கான ஆம்ப் தள்ளும். 3 கேவிஏ செட்டோட முழு கொள்ளளவே 13 ஆம்ப். ஷார்ட் ஆனா அதுல மூணு மடங்கு, 40 ஆம்ப் வரைக்கும் ஒரு நொடி குடுத்துட்டு வோல்டேஜ் படுத்துடும். சி டைப் 16 ஆம்ப் எம்சிபி உடனே விழணும்னா குறைஞ்சது 80 ஆம்ப் வேணும், கணக்குப்படி 160 வரைக்கும் கூட எடுத்துக்கலாம். அந்தச் சின்ன மிஷினால அதைக் குடுக்கவே முடியாது. ஜெனரேட்டர்ல ஓடும்போது உங்க வீட்டு எம்சிபிங்க பாதி தூக்கத்துலதான் இருக்கும், அதனாலதான் ஆர்சிசிபியைத் திரும்பத் திரும்பச் சொல்றேன்.

அந்த ஆர்சிசிபியைத்தான் நிறைய வீட்ல கழட்டிப் போட்டுடறாங்க. சும்மா சும்மா டிரிப் ஆகுது சார்னு சொல்லுவாங்க. சும்மா ஆகறதில்ல. பெரும்பாலும் இன்வெர்ட்டர் போட வந்தவர் இன்வெர்ட்டர் லைனுக்கு பேஸை மட்டும் தனியா எடுத்துட்டு, நியூட்ரலை வீட்டுப் பொது நியூட்ரல்லயே சேர்த்திருப்பார். ஒரு ஆர்சிசிபி வழியா போன கரண்ட் இன்னொரு வழியா திரும்புனா அதுக்கு அது கசிவுதான், விழத்தான் செய்யும். அந்த நியூட்ரலைத் தேடிப் பிரிக்க அரை நாள் வேலை ஆகும், கூலியைக் குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க.

நாகலூர் ரோட்ல ஒரு தோட்டத்து வீட்ல இதையெல்லாம் சரிபார்க்கும்போது கூட இருந்தேன். புது ஆர்சிசிபி, டெஸ்ட் பட்டனை அமுக்குனா டப்புனு விழுது, வீட்டம்மாவுக்கு நிம்மதி. வந்திருந்த வயர்மேன் ஒத்துக்கல. "அந்த பட்டன் உள்ளுக்குள்ளயே பேஸையும் நியூட்ரலையும் வெச்சு சோதிச்சுக்கும்க்கா, எர்த் இருக்கா இல்லையான்னு அதுக்குத் தெரியாது"ன்னார். ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணி, மல்டிமீட்டர்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பார்த்தா தொண்ணூறு வோல்ட் சொச்சம் காட்டுது, சேர்ந்திருந்தா ஒண்ணு ரெண்டு வோல்ட்தான் இருக்கணும். அப்புறம் 60 வாட் குண்டு பல்பை ஹோல்டர்ல மாட்டி, ஒரு கம்பியை சாக்கெட்டோட பேஸ்லயும் ஒண்ணை எர்த்லயும் வெச்சார். பல்பு எரியல, ஆர்சிசிபி விழல, மிஷின் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. அந்த அக்கா முகம் மாறிடுச்சு. மிஷினை நிறுத்தி, சேஞ்ச்ஓவர் பாக்ஸைத் திறந்து, ஒரு முழம் கூட இல்லாத பச்சை வயரை நியூட்ரலுக்கும் எர்த் பாருக்கும் நடுவுல முறுக்கிட்டு, மறுபடி ஸ்டார்ட் பண்ணி அதே பல்பை வெச்சார். ஒரு மினுக்கு, அவ்வளவுதான், ஆர்சிசிபி விழுந்து வீடே இருட்டாச்சு. உங்க வீட்டு வயர்மேன்கிட்ட இந்த சோதனையை ஜெனரேட்டர் ஓடும்போது செஞ்சு காட்டச் சொல்லுங்க, அவர் செய்யட்டும், நீங்க பாருங்க.

த்ரீ பேஸ் சர்வீஸ் இருக்கற வீட்ல சிங்கிள் பேஸ் செட்டு மாட்டும்போது சேஞ்ச்ஓவர்ல ஜெனரேட்டர் பக்கம் மூணு பேஸையும் ஒண்ணா லூப் பண்ணிடுவாங்க, லைட்டு ஃபேனுக்கு அது ஓடும். ஆனா போர்வெல் மோட்டார் த்ரீ பேஸா இருந்தா அதுக்கு மூணு கம்பியிலயும் ஒரே பேஸ் போகுது, சுத்தாம உறுமிக்கிட்டே நின்னு கருகிடும், அதனால மோட்டார் லைனை சேஞ்ச்ஓவருக்கு முன்னாடி, ஈபி பக்கமே பிரிச்சுடணும்.

கூரையில சோலார் போட்டவங்க இதைக் கட்டாயம் கவனிங்க. 2024ல பிஎம் சூர்யா கர்னு மத்திய அரசோட வீட்டு சோலார் மானியத் திட்டம் வந்த பிறகு நிறைய வீட்ல ஆன் கிரிட் பேனல் (ஈபி லைனோட சேர்ந்து ஓடறது) ஏறியிருக்கு. கரண்ட் போனா அந்த சோலார் இன்வெர்ட்டர் தானா நின்னுடும், லைன்மேன் பாதுகாப்புக்காகவே அப்படி. ஆனா அது சேஞ்ச்ஓவருக்கு அப்புறம் வீட்டுப் பக்கம் சேர்ந்திருந்தா, ஜெனரேட்டர் ஓடுனதும் ஈபி வந்துடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு மறுபடி உற்பத்தி பண்ண ஆரம்பிச்சுடும். வீட்ல லோடு கம்மியா இருந்தா மிச்ச கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளயே ஏறும், வோல்டேஜ் எகிறும், மிஷினும் போகும் டிவி பிரிட்ஜும் போகும். சோலார் இணைப்பு ஈபி பக்கத்துல, சேஞ்ச்ஓவருக்கு முன்னாடி இருக்கணும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏத்தத்துக்கும் கிட்டத்தட்ட மூணரை சதவீதம் சக்தி இழக்கும், காத்து அடர்த்தி கம்மி இல்லையா. அப்ப சேலத்துல 3 கேவிஏன்னு வாங்கிட்டுப் போன மிஷின் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேல போனதும் இரண்டரைதான். ஒரு ஹெச்பி மோட்டார் ஓடும்போது அஞ்சாறு ஆம்ப்தான் எடுக்கும், ஸ்டார்ட் ஆகற அந்த நொடியில அதுல அஞ்சு மடங்கு கேக்கும், அதை வெச்சுத்தான் செட்டு அளவைப் பார்க்கணும்.

குளிர்னால மலையில ஜன்னலையெல்லாம் இறுக்கி மூடிடுவாங்க, மழைக்கு நனையக் கூடாதுன்னு மிஷினை சிட்அவுட்லயோ மாடிப்படி கீழயோ வெச்சிருப்பாங்க. பெட்ரோல் புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, ரத்தத்துல ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும், தூக்கத்துலயே ஆளை எடுத்துடும். ஜன்னல், கதவுல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி, திறந்த வெளியில, மேல மட்டும் ஒரு தகரம் போட்டு வைங்க, சைலன்சர் வீட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. அவ்வளவு தூரத்துக்கு 13 ஆம்புக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் போதும், இரும்பு உறை போட்ட ஆர்மர்டு கேபிளா மண்ணுல புதைச்சா மண்வெட்டி வெட்டாது.

எர்த் குழியைப் பத்தி மிச்சம் இருக்கறது பராமரிப்புதான். கரி உப்பு போட்ட குழியில உப்பு மழையில கரைஞ்சு போயிடும், போகும்போது ஜிஐ பைப்பையும் அரிச்சுட்டுப் போகும். பாறை இடத்துல ஒரு ஆழமான குழிக்குப் போராடறதை விட பென்டோனைட் (ஈரத்தைப் பிடிச்சு வெக்கற ஒரு களிமண்ணு) கலந்த பவுடர் போட்டு காப்பர் பூசுன ராடு ரெண்டு மூணு, ஒண்ணுக்கொண்ணு ஒரு ராடு நீளமாவது தள்ளி அடிச்சு, எல்லாத்தையும் சேர்த்துக் கட்டறது நல்லா வேலை செய்யும். வெயில் காலத்துல வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. வருஷத்துக்கு ஒரு தடவை எர்த் டெஸ்டர் வெச்சு அளந்து, அந்த ஓம் அளவையும் தேதியையும் சேஞ்ச்ஓவர் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டச் சொல்லுங்க. அதே தாள்ல நியூட்ரலும் எர்த்தும் எங்க சேர்ந்திருக்குன்னும் எழுதணும், ஏன்னா அடுத்த வருஷம் வேற ஒரு வயர்மேன் வந்து, இங்க நியூட்ரல் எர்த் ஆகலையேன்னு நினைச்சு வீட்டு டிபில இன்னொரு வயரை முறுக்கிட்டாருன்னா மறுபடி ஆர்சிசிபி விழ ஆரம்பிக்கும், மறுபடி யாராவது அதைக் கழட்டிடுவாங்க.